பத்தொன்பதாம் கேள்வி

மார்ச் 3, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பேருந்தில் இருமினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உடனே, இருமியது அவர்தான் என்பதுபோலப் பக்கத்திலிருந்தவரை நானும் முறைத்தேன். பாவம், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டார். வீடு வீடாகக் காசநோய்க் கணக்கெடுப்பவன் செய்கிற காரியமா இது?

மார்ச் 5

படிவத்தில் இருபத்தாறு கேள்விகள். ஓர் அறையில் எத்தனை பேர், ஜன்னல் எத்தனை, படிப்பு, வருமானம், பீடி, குடி... ‘நீ ஏழையா?’ என்று நேரே கேட்டால் மரியாதையில்லை என்று இருபத்தாறாகப் பிரித்திருக்கிறார்கள்.

இன்று தையல்கூடம். ஒரே அறையில் பதினொரு பெண்கள், பதினொரு மெஷின். துணியில் தூசி படியுமென்று ஜன்னலெல்லாம் சாத்தல். “காத்து வேணாமா?” என்று அதட்டினேன்.

“ஜன்னலத் தொறந்தா மொதலாளி கதவையும் தொறந்து வெளிய போகச் சொல்லுவாரு சார்” என்றார் மூத்த தையல்காரம்மா.

பத்தொன்பதாம் கேள்வி: காசநோயாளியோடு பழக்கம் உண்டா? பதினொரு பேரும் ஒரே குரலில், “ஐயையோ, இல்ல சார்!” எழுதிக்கொண்டேன்.

மார்ச் 12

இந்த வாரம் பூராவும் மற்ற வீட்டுப் படிவங்களையும் தையல்கூடத்தில் உட்கார்ந்தே நிரப்பினேன். மின்விசிறி இருக்கிறது. முதலாளி ஏன் திடீரென்று தலைக்குச் சாயம் அடிக்கிறார் என்ற வம்பிலும் பாதிதான் கேட்டிருக்கிறேன்; மீதிக்கு நாளையும் போக வேண்டும்.

மார்ச் 20

இருமல். இன்னும் விடவில்லை. தூசிதான். வேறென்ன?

மார்ச் 23, ஞாயிறு

ஊழியர்களும் தங்கள் வீட்டுக்குப் படிவம் நிரப்ப வேண்டுமாம். ஜன்னல்: இரண்டு. மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணுக்கு முன்னால பீரோ நிக்குது. இன்னொண்ணுக்குக் கொசு வருதுன்னு நீங்கதான் ஆணி அடிச்சீங்க. ஊரார் ஜன்னல எண்ற மூஞ்சியப் பாரு!”

புகை: இல்லை.

“அப்ப மொட்டை மாடியில ஊதுறது யாரு, உங்கப்பாவா?”

அவர் போய்ப் பதினைந்து வருஷம்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேலா? பேனா நின்றுவிட்டது. எனக்கா? நான் பட்டதாரி! கேள்வி கேட்கிறவன்!

“நாளைக்குச் சளி குடுத்துட்டு வாங்க” என்றாள். கேலி இல்லாத குரல். அதே அறையில், அதே கட்டிலில்தான் அவளும் படுக்கிறாள்.

மார்ச் 27

இருக்கிறது. ஆறு மாதம் மாத்திரை.

மார்ச் 29

அவளுக்கு இல்லை. ஆணியைப் பிடுங்கினேன். வெளியே ஒரு வேப்பமரம் இருப்பதே இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 2

தையல்கூடத்துப் படிவங்கள் திருத்தத்துக்காக வீடு தேடி வந்தன. பதினொரு பேரும் நாளை சளி கொடுக்க வேண்டுமாம். பொய் சொன்னார்களா என்றால், இல்லை. நான் போய் உட்காரும்வரை அது உண்மைதான்.

பதினொன்றிலும் பத்தொன்பதாம் கேள்வியில் ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘உண்டு’ என்று எழுதினேன்.