நடுவில் கிடந்த மூன்று பைட்டுகள்

என் பாசமுள்ள ஜெரோம் அண்ணனுக்கு,

உன்னைக் கடல் கொண்டுபோனபின் வீட்டிலேயே கிடந்த உன் சின்ன மகள் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். மதினிதான் பாம்பன் கரைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். போனால் யாராவது, "படகுல மிஷின் இருந்துச்சே, ஆபத்துப் பட்டனை அமுக்கியிருந்தா ஆளைத் தூக்கியிருக்கலாமே" என்று சொல்லிவிடுகிறார்கள்.

நீ அமுக்கியிருந்தாய், அண்ணே.

இராமநாதபுரத்தில் நான் பார்ப்பது புரோகிராம் எழுதும் வேலை என்பதால், படகு இருக்கும் இடத்தைக் கரைக்கு அனுப்பும் அந்த மிஷினிலிருந்து வந்த தகவல்களை வாங்கிப் பார்க்கும்படி மதினி கேட்டார். மீனவர் சங்கம் வற்புறுத்தியதும் மிஷினைச் செய்த கம்பெனி கொடுத்தது. காற்று கிளம்பியதும் நீ அனுப்பிய அழைப்பு அதில் இருந்தது. நீ தத்தளித்த இடமும் சரியாகவே இருந்தது.

பிறகு ஏன் தேடிப்போனவர்கள் நீ காலையில் வலை விட்ட இடத்தையே சுற்றினார்கள்?

மிஷின் அனுப்பும் தகவல் பைட் என்ற சிறு துண்டுகளாகப் போகும். அழைப்பில் முதல் பைட்டில் ஆபத்தின் காரணம். அடுத்து, நான்கு நான்கு பைட்டுகளாக இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்கள். உன் மிஷினின் புரோகிராம் சி மொழியில் எழுதியது. நான்கு பைட் எண்ணை நான்கால் வகுபடும் முகவரியில் வைத்தால் சிப் சுலபமாக எடுக்கும் என்பதால், எழுதியதை சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் முதல் பைட்டுக்குப் பின் மூன்று பைட்டுகளைக் காலியாக விட்டது. அது எப்போதும் செய்வதுதான். கரையில் இருந்த புரோகிராம் வேறு மொழியில் எழுதியது. நடுவில் இடைவெளி இருப்பது அதற்குத் தெரியாது. காரணத்துக்கு அடுத்த பைட்டிலிருந்தே இடத்தைப் படித்தது. பூமியிலேயே இல்லாத ஓர் இடம் வந்தது. அதை ஒதுக்கிவிட்டு, காலையில் வந்த இடத்தையே திரையில் காட்டிக்கொண்டிருந்தது. மிஷின் தினமும் தானாக அனுப்பும் தகவலில் எல்லாமே நான்கு பைட் எண்கள், இடைவெளியே விழாது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கம்பெனிக்காரர் மறுக்கவில்லை. "திருத்தியாச்சு மேடம். இனி வெளிய சொன்னா எல்லாரும் மிஷினைக் கழட்டிப் போட்டுருவாங்க" என்றார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. கழற்றிவிட்டால் நாளைக்குக் கடலில் சிக்குகிறவன் யாரைக் கூப்பிடுவான்? சொல்லாவிட்டால் உன் பெயர் என்ன ஆவது?

மதினியிடம் சொன்னேன். "அப்ப அவுக கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்திருக்காக" என்றார். அவருக்கு நான் ஆறுதல் சொன்னேனா, புதுப் புண்ணைக் கொடுத்தேனா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன். அவர்கள் கண் முன்னாலேயே பட்டனை அமுக்கி, கரைத் திரையில் எந்த இடம் தெரிகிறதென்று கம்பெனிக்காரரைக் காட்டச் சொல்வேன். மிஷினை வைத்திருப்பதா கழற்றுவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும். மதினியும் வருகிறார். நீ கூப்பிட்டாய் என்பதை அந்தக் கரை முழுக்க நம்பும்வரை நான் ஓயமாட்டேன், அண்ணே.

உன்னோடு பிறந்தவள்,
அமலி