கணப்புக்கு மேலே ஒரு பலகை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மொன்டானாவில் பனி கொட்டுகிறது. பள்ளிக்கூட வேலை பழகிவிட்டது. நான் நலம்தான்.

புது வீட்டுக் கணப்புக்கு மேலே கனமான பைன் பலகை ஒன்றை நானே சுவரில் பொருத்தினேன். நம் வீட்டுப் பலகை என் தோளுக்கு வரும் அல்லவா? அதே உயரத்தில் வைத்தேன். இங்கே கணப்பின் வாய் பெரியது என்பதை யோசிக்கவில்லை. நேற்று முதன்முதலாகத் தீ மூட்டியதும் பலகையின் அடியில் பிசின் கசிந்து புகைந்தது. பயப்படாதீர்கள், உடனே அணைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஆர்வில் வந்து பார்த்தார். “நெருப்புக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு அடியாவது வேணாமா? ஒரு சாண்கூட இல்லியே! கொளுத்துறதுக்கா வீடு வாங்குன?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனாலும் சுவரை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன். உள்ளே எங்கோ கனன்றுகொண்டிருப்பதுபோலவே இருக்கிறது. ராத்திரி கோட்டையும் காலணியையும் போட்டுக்கொண்டுதான் படுத்தேன். குளிருக்காகத்தான்.

கிறிஸ்துமஸுக்குப் பலகையில் தொங்கவிட என் சிவப்புக் காலுறையை அனுப்புங்கள். பலகையைக் கழற்றி, கோணாமல் மட்டம் பார்த்து மேலே ஏற்ற உங்கள் ரசமட்டமும் வேண்டும். அது தபாலில் உடைந்துவிடும், அப்பா. அதை மட்டும் நீங்களே கையில் கொண்டுவாருங்கள்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் டெலியா