ரெண்டு பக்கமும் கேக்குது மச்சான்

மச்சான்,

இன்று மாதாந்திர மின் நிறுத்தம். காலையில் நம் தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. அந்த அமைதி வந்ததும் என் கை தானாக ரெக்கார்டு அலமாரிக்குப் போகும், உனக்குத் தெரியாததா? இன்வெர்ட்டரில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒரு தட்டை உறையிலிருந்து உருவினேன். பழைய அட்டையின் மக்கிய வாசனை வந்தது. முள்ளை இறக்கினேன். பாட்டு கெட்டுப்போயிருந்தது.

அடியோடு போகவில்லை. தபேலா பக்கத்தில் கேட்டது. பாடுகிறவர் மட்டும் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டதுபோல் மங்கியிருந்தார். வேறு தட்டைப் போட்டேன். போனை ஒயரில் மாட்டி ஒரு பாட்டைப் போட்டேன். எல்லாம் ஒரே கதை. உன் தங்கச்சி சமையலறையிலிருந்து வந்து கேட்டுவிட்டு, நன்றாகத்தானே பாடுகிறது என்றாள். நேற்று ஆம்ப்ளிபையரைத் துடைத்தது அவள்தான். எதையோ தட்டிவிட்டாள் என்று அவளைக் கடிந்துகொண்டேன்.

இந்த செட்டை நீ என் வீட்டில் கொண்டுவந்து இறக்கிய நாள் நினைவுக்கு வந்தது. வேலையை விட்டுச் சென்னையிலிருந்து ஊர் திரும்பியிருந்தாய். என் மகள் கல்யாணமாகிப் போனதில் முன் அறை காலியாகக் கிடந்தது. "காலம்பூரா தறிச் சத்தத்தையே கேட்டுகினு இருந்தா எப்டி மாப்ளே, கொஞ்சம் பாட்டும் கேளு" என்றாய். உனக்கு ரெக்கார்டு பிளேயர் வைக்க ஒரு இடம் வேண்டும், அதற்கு என் காதைச் சாக்காகச் சொல்கிறாய் என்று நான் கிண்டல் செய்தேன்.

அன்று முழுவதும் நீ தரையிலேயே தவழ்ந்தாய். ஸ்பீக்கர் இரண்டையும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, என் நாற்காலியோடு முக்கோணமாக வைத்தாய். உட்கார்ந்தால் காது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று என்னை அளந்துபார்த்து, கீழே பலகை கொடுத்தாய். எர்த் ஒயரை மாட்டியதும் கொர்ரென்ற இரைச்சல் அடங்கியது. ஆனால் பின்கட்டுத் தறியின் அதிர்வு தரை வழியாக ஏறி முள்ளைத் துள்ளவைத்தது. பிளேயருக்குக் கீழே கடப்பைக் கல்லை வைத்தாய், கல்லுக்குக் கீழே பழைய சைக்கிள் டியூபை வைத்தாய். அப்படியும் துள்ளியது. தறி நின்றால்தான் ரெக்கார்டு ஓடும், கரண்ட் போனால்தான் தறி நிற்கும், கரண்ட் போனால் ரெக்கார்டும் நின்றுவிடும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இன்வெர்ட்டர் எதற்கு இருக்கிறது என்று கேட்டு என் வாயை அடைத்தாய். அன்றிலிருந்து தறி ஓடும் நாளில் போனில் பாட்டு, மின் நிறுத்த நாளில் ரெக்கார்டு என்பது நம் வழக்கமாயிற்று. ஊரே மின்வாரியத்தைத் திட்டும் நாளுக்காக நாம் இரண்டு பேர் மட்டும் காத்திருந்தோம்.

அந்த முதல் நாளில் ஆம்ப்ளிபையருக்குப் பின்னால் குனிந்துகொண்டே, ரெண்டு பக்கமும் கேக்குதா மாப்ளே என்றாய். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ரெண்டு பக்கமும் கேக்குது மச்சான், ஜோரா கேக்குது" என்றேன். குரல் நடுவில் நிற்கிறதா என்றாய். நட்ட நடுவில் நிற்கிறது என்றேன். உன் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. ஷாக் அடித்துவிட்டதோ என்று நினைத்தேன். நீ ஏதோ ஒயரை மாட்டிவிட்டு எழுந்தாய்.

எனக்கு இடது காது கேட்காது. பத்துப் பதினைந்து வருஷமாகவே கேட்காது. தறிக் கொட்டகையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது அதிசயமில்லை. நம் தெருவில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், பாதிப் பேச்சு கையாலும் உதட்டாலும் நடக்கும். அதனால் மறைப்பது சுலபமாக இருந்தது. ஏன் மறைத்தேன் என்று கேட்டால், என்னிடம் வேலை செய்த ஒருவருக்குக் காது போனபோது நாங்கள் பேசிய பேச்சு எனக்குத் தெரியும். அவர் எதிரிலேயே நின்றுகொண்டு அவரைப் பற்றிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று கேட்காததற்கெல்லாம் தலையாட்டப் பழகினேன்.

அடுத்த வாரமே அந்தப் புது ஆம்ப்ளிபையர் சரியில்லை என்று நீ வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனாய். திரும்பி வரும்போது உன் கையில் இருந்தது ஒரு பழைய, கனத்த பெட்டி. புதுசைக் கொடுத்துவிட்டுப் பழசை வாங்கி வருகிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்றேன். பழசுக்குத்தான் தெம்பு என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு ஒயரை மாட்டினாய். அன்று வந்த பாட்டு உண்மையிலேயே நிறைவாக இருந்தது. நீ சொன்ன தெம்பு இதுதான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன்.

இன்று அந்த வேலூர்க் கடைக்காரருக்குப் போன் செய்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, முன்பக்கம் மோனோ என்று போட்ட பட்டன் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்றார். வெளியே இருந்தது. அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். பாடுகிறவர் அடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். இது என்ன பட்டன் என்று கேட்டேன்.

"அமுக்கலைன்னா பாட்டு பாதி இந்த ஸ்பீக்கர்ல, பாதி அந்த ஸ்பீக்கர்லன்னு பிரிஞ்சு வரும், அமுக்கினா ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே பாட்டு முழுசா வரும்ங்க. உங்க மச்சான் அதுக்காகவேதான் இந்தப் பழைய மாடலைத் தேடி எடுத்துகினு போனாரு. 'வீட்ல கேக்கறவருக்கு ஒரு காது கேக்காது, இடது ஒயரை மாட்டாமயே போட்டுக் காட்டினேன், ரெண்டு பக்கமும் கேக்குதுன்னுட்டாரு'ன்னு சொன்னாரு. உங்களுக்குத் தெரிய வேணாம்னும் சொன்னாருங்க. இப்ப உங்க மச்சானே இல்லியே, அதான் சொல்றேன்."

போனை வைத்தேன். முகம் சுட்டது. உன் பெருந்தன்மையை நினைத்து நெகிழ வேண்டிய இடம் இது. எனக்கு அது தோன்றவில்லை. வேலூர் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வந்தது.

போன மாசியில், உன் கடைசிச் சாயங்காலம். நான் உன் கட்டிலுக்கு வலது பக்கம், உன் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நீ என் இடது பக்கம் இருந்தாய். எதிர்ப் பக்கம் உன் மகள் இருந்தாள். நீ என்னைப் பார்த்து ஏதோ சொன்னாய். மூச்சு வாங்கியதில் குரல் வெறும் காற்றாக வந்தது. ஆக்சிஜன் மூடி போட்டிருந்ததால் உதடும் தெரியவில்லை. நல்ல காதைக் கொடுக்க வேண்டுமென்றால் நான் எழுந்து கட்டிலைச் சுற்றி வர வேண்டும். ஏன் என்று உன் மகள் கேட்பாள். நான் இருந்த இடத்திலேயே குனிந்து, "சரி மச்சான், நான் பாத்துக்கறேன்" என்றேன். நீ மறுபடியும் சொன்னாய். மறுபடியும் தலையாட்டினேன். உன் மகள் எழுந்து நின்றாள், நர்ஸைக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். நீ என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். விடிவதற்குள் போய்விட்டாய்.

எதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன் என்று தெரியாததால், அன்று முதல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவிகாபுரத்தில் உன் மகள் வீட்டு மோட்டார் கெட்டால் ஓடினேன். அவள் பையனுக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைந்தேன். மாமா மாதிரி உண்டா என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அன்று நான் பொய்யாகத் தலையாட்டியது தெரிந்துவிடும். எனக்கு இருந்த ஒரே ஆறுதல், நான் கேட்டுக்கொண்டேன் என்று நம்பி நீ நிம்மதியாகப் போனாய் என்பதுதான். இன்று காலை அதுவும் போயிற்று. உனக்குத் தெரிந்திருக்கிறது. சாகிற நேரத்திலும் இவன் நம்மிடம் நடிக்கிறான் என்று பார்த்துக்கொண்டேதான் நீ கண்ணை மூடியிருக்கிறாய்.

சட்டையை மாட்டிக்கொண்டு தேவிகாபுரம் பஸ்ஸைப் பிடித்தேன். உன் மகள் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். ஆறவிட்டேன். கடைசியில் எப்படியோ வாயைத் திறந்தேன்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்கப்பா என்கிட்ட இன்னாம்மா சொன்னாரு? எனக்குக் கேக்கல. எனக்கு இந்தக் காது கேக்காது."

என் வாழ்க்கையில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் சொல்லல மாமா. 'உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும் மாப்ளே, இந்தப் பக்கம் வந்து உக்காரு'ன்னாரு. நீங்க பாத்துக்கறேன்னு சொல்லிட்டு அங்கயே உக்காந்துகினு இருந்தீங்க. மறுபடியும் அதையேதான் சொன்னாரு. நான் எழுந்து இடம்கூட விட்டேன்."

என்ன விஷயம் என்று கேட்டேன். தெரியாது என்றாள். அதற்குப் பிறகு நீ யாரிடமும் எதுவும் பேசவில்லையாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் இடது பக்கம் உட்கார்ந்த பெரியவர் ஏதோ கேட்டார். கேட்கவில்லை, எனக்கு இந்தப் பக்கம் காது கேட்காது என்று சொன்னேன். அவர் சாதாரணமாகக் குரலை உயர்த்தி, மணி என்ன என்று கேட்டார். அவ்வளவுதான் அது. இனி யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன், அதில் ஒன்றும் சிரமம் இருக்காது போலிருக்கிறது. ஆனால் உன்னுடைய அந்த விஷயம் என்னவென்று இனி யாரிடமும் கேட்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கட்டிலைச் சுற்றி வந்து உட்காரச் சொன்னாய், மச்சான். அதற்குத்தான் நான் இரண்டு முறை சரி என்றேன்.