காட்டு வேலைக்குப் போட்ட கையெழுத்து

அன்னூர்,
செவ்வாய்க்கிழமை

பெரிய படிப்புப் படித்த கயல்விழிக்கு அம்மா மாரியாத்தாள் எழுதுவது.

இங்கே உன் தம்பி எழில் சுகம். மாடு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. நான் சுகமில்லை. உன்மேல் அவ்வளவு ஆத்திரம். போனை எடுத்தால் கொஞ்சிப் பேசிக் காரியத்தைச் சாதித்துவிடுவாய். அதனால்தான் எடுக்கவில்லை.

பெங்களூரிலிருந்து நீ கையெழுத்துக் கேட்டு அனுப்பிய இங்கிலீஷ் தாளில் எழில் தலைப்பை மட்டும் படித்தான். ஃபீல்டு வொர்க் என்றால் என்னடா என்று கேட்டேன். "காட்டு வேலைங்கம்மா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷம் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவள் நான். டாக்டர் பட்டம் வாங்கியவளும் காட்டுக்குத்தான் போகிறாளா என்று கேலி பேசிக்கொண்டே கையெழுத்தைப் போட்டேன்.

நேற்று உன் கூடப் படித்த தேஜஸ்ரீ வந்தாள். தாளைப் பார்த்ததும் முகம் மாறிப்போனது. "ஏனுங்கம்மா, இது நம்ம காடு இல்லீங்க. இந்தோனேசியாவுல நெருப்புக் கக்குற மலைங்க. கயல் சொல்லலீங்களா?" என்றாள். முழுவதும் படிக்கச் சொன்னேன். எரிமலையின் வாய் ஓரம் நின்று நீ புகையை அளக்க வேண்டுமாம். அளக்கிற பெட்டிக்கு இன்சூரன்ஸ் உண்டாம். பெரிய விஞ்ஞானிகளுக்கும் உண்டாம். புதிதாக ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கு மட்டும் கிடையாதாம்; நிதி வேண்டுமென்றால், உயிர் போனால் எதுவும் கேட்க மாட்டேன் என்று பெற்றவள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தூ! காட்டில் எனக்கும் பாம்பு இருந்தது, பூச்சிமருந்து இருந்தது. எந்தப் பண்ணையக்காரரும் என் அம்மாவிடம் இப்படி எழுதி வாங்கியதில்லை.

எழில் தெரியாமல் சொன்னான். நீ தெரிந்தே சொல்லாமல் இருந்தாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் தாள் சேராவிட்டால் நிதி வேறொருவருக்குப் போய்விடும், இதை விட்டால் உன் ஆராய்ச்சி அவ்வளவுதான் என்று தேஜஸ்ரீ அழுதாள். கிழித்துப்போடத்தான் கையில் எடுத்தேன். முடியவில்லை. எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது ஒருவரும் எனக்காக அழவில்லை.

கையெழுத்து அப்படியே இருக்கிறது. "எதுவும் கேட்க மாட்டேன்" என்ற வரியை மட்டும் பேனாவால் அழுத்தி அடித்துவிட்டேன். பக்கத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன்: கேட்பேன்.

கூரியரில் போட எழில் வாசலில் நிற்கிறான். அடித்த தாள் செல்லாது என்று யாராவது சொன்னால் என்னிடம் பேசச் சொல். செல்லும் என்றால் போ. ஆனால் "போயிட்டு வாரேனுங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விமானம் ஏறாதே. அதற்கு மட்டும் போனை எடுப்பேன்.

கோபம் தீராத அம்மா,
மாரியாத்தாள்