மூன்றாவது ஓலை

ஆண்டு 1, நாள் 212. 07:40
ட்ரைட்டன் ஆய்வு நிலையம், நெப்டியூனின் நிலவு. வெளியே மைனஸ் 235 டிகிரி. அணு உலை சீர். ஆட்கள் இருவர்: நான் ரோமால்ட், பொறியாளர், வயது 25. டெல்பின், நிலவியல் ஆய்வாளர், வயது 24. தூத்துக்குடியில் எங்கள் மாதா கோவிலில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்கும் அறிவிப்பில், இரண்டாவது ஓலையும் வாசித்துவிட்டார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை. அதன் பிறகு வானொலி வழியே கல்யாணம். மூன்று நாளாக டெல்பினுக்குக் களைப்பு. வேலைக்கள்ளி என்று கேலி செய்தேன்.

ஆண்டு 1, நாள் 219. 16:10
கேலி செய்த வாயை உடைத்துக்கொள்ளலாம். அவளுக்கு ஈறெல்லாம் ரத்தம் கசிகிறது. எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது. இங்கே இருக்கும் மருந்தை வைத்து ஆறு வாரம் தள்ளலாம். ஊரில் மூன்றாவது ஓலையை வாசிக்காமல் நிறுத்திவைக்கச் சொல்லியாயிற்று. பூமியிலிருந்து செய்தி: "இந்த நோய்க்கு மருந்து இல்லை. இரண்டு ஆண்டில் செய்முறை அனுப்புகிறோம், அங்கேயே தயாரிக்கலாம். அதுவரை உறைதூக்கப் பேழையில் வையுங்கள்." பேழை ஒன்றுதான் இருக்கிறது. உள்ளே படுப்பவருக்கு நோயும் நகராது, வயதும் ஏறாது.

ஆண்டு 1, நாள் 221. 09:00
படுத்துவிட்டாள். பேழை மைக்கில் அவள் பேசியது: "ஏலே ரோமால்டு, ரெண்டு வருசம்தான? மூணாவது ஓலைய நான் எந்திரிச்ச பொறவு வாசிக்கச் சொல்லு. அதுவரைக்கும் எவளும் உன் பக்கத்துல நிக்கக் கூடாது, பாத்துக்க."
இந்த நிலவில் வேறு எவள் இருக்கிறாள்! சிரித்துக்கொண்டே சரி என்றேன். மூடி இறங்கியதும் அழுதேன்.

ஆண்டு 9, நாள் 221. 11:20
கையேட்டின்படி எட்டாண்டுக்கு ஒருமுறை அரைத்தூக்கத்துக்குக் கொண்டுவந்து பேச வைக்க வேண்டும். பதற வைக்கக் கூடாது. இதயம் தாங்காது.
"இப்பதானல படுத்தேன், அதுக்குள்ள எழுப்புத? ஏன் குரல் கரகரங்குது, சளியா?"
சளிதான் என்றேன். செய்முறை இன்னும் வரவில்லை என்று சொல்லவில்லை.

ஆண்டு 13, நாள் 30. 13:45
மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்! செய்தி: "அங்கே தயாரிக்க இயலாது. டாக்டர் நஸ்ரின் மருந்துடன் கப்பலில் வருகிறார். பயணம் பதினோரு ஆண்டு."
தனியாளாகக் கும்மாளம் போட்டேன். நாங்கள் வந்தபோது அந்தப் பதினோரு ஆண்டையும் கப்பல் பேழைகளில் தூங்கியே கடந்தோம், வயது ஏறவில்லை. பிறகு, விழித்திருக்கும் என் வயதோடு பதினொன்றைக் கூட்டிப் பார்த்தேன். கும்மாளம் அடங்கிவிட்டது.

ஆண்டு 17, நாள் 221. 11:05
"யாரு பேசுதது? இது அவன் குரல் இல்லியே. ரோமால்டு எங்க?"
இதயத் துடிப்பு 160. என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் ஆண்டில் பதிந்த என் குரல் ஒன்று கிடந்தது, அதைப் போட்டுவிட்டேன். "தூங்கு, வேலைக்கள்ளி" என்று நான் அவளைச் சீண்டியது. துடிப்பு இறங்கியது. உதட்டில் சிரிப்புகூட வந்தது.
என்னிடம் பயந்தவள் அவன் குரலைக் கேட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். அந்தப் பயல்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஆண்டு 24, நாள் 61. 08:30
கப்பல் இறங்கியது. இருபத்துமூன்று ஆண்டுக்குப் பிறகு இன்னொரு மனித முகம். டாக்டரிடம் பேச்சு வராமல் தடுமாறினேன்.
ஊரிலிருந்து டெல்பினின் தம்பி வானொலியில் செய்தி அனுப்பியிருந்தான். நாங்கள் கிளம்பும்போது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். "அத்தான், மூணாவது ஓலைய வாசிக்கச் சொல்லட்டா? சாமியார் கேக்காரு."
தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுமே. எனக்கு ஒன்று தெரியும். எனக்கு 48, அவளுக்கு இன்றும் 24. எனக்கு முன்பல் இரண்டு கிடையாது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிப் பதில் அனுப்பினேன்.

ஆண்டு 24, நாள் 75. 10:15
டெல்பின் பிழைத்துவிட்டாள். ரத்தம் ஊறத் தொடங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்கிறார் டாக்டர். இரண்டு வாரம் கண்ணாடி அறையில் இருக்க வேண்டும். பேச்சு மைக்கில்தான்.
சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். மரியாதையாக எழுந்து உட்கார்ந்தாள்.
"சார், நீங்களும் டாக்டர்கூட வந்தவங்களா? இங்க ரோமால்டுன்னு ஒருத்தன் இருப்பான். தூங்குறானா? கொஞ்சம் எழுப்பி விடுங்க சார்."
சொல்லத்தான் போனேன். அந்த 160 துடிப்பு நினைவுக்கு வந்தது.
"வருவான்மா. நீ முதல்ல கஞ்சியக் குடி" என்றேன்.
அம்மா என்று சொல்லிவிட்டேன். என் டெல்பினை.

10:50
நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

14:20
ஊருக்கு அனுப்பிய செய்தி: "தடை இருக்கிறது. ஓலை வாசிக்க வேண்டாம்."

17:05
அறை மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். தலை பின்னிக்கொண்டே என்னவோ முணுமுணுக்கிறாள். இப்போது கதவுப் பக்கம் வந்து கேட்கிறாள்:
"சார், அவன் இன்னும் வரலியே."