வரிசையில் எனக்கு வந்த மவுசு

பெலோ ஹொரிசான்டே,
ஜனவரி 20

அன்பு மகள் ஜுசாராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம். லிஸ்பன் குளிரில் நீ காலுறை போட்டுக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நான் இப்போது ஊரில் பெரிய புள்ளி ஆகிவிட்டேன், சிரிக்காதே. சதுக்கத்தில் வங்கிக்காரர்கள் நடத்தும் கலைக்கூடம் இருக்கிறதல்லவா, ரியோ, சாவோ பாலோ, பிரசிலியா என்று அவர்களுடைய மற்றக் கூடங்களையெல்லாம் சுற்றிவிட்டு ஒரு ஓவியக் கண்காட்சி இங்கே வந்திறங்கியது. அனுமதி இலவசம். அதைக் கேட்டதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஓவியத்தின் மேல் பொங்கிய காதலை நீ பார்த்திருக்க வேண்டும், உள்ளே போக மூன்று மணி நேரம். பணம் எடுக்கப் போனாலும் நிற்க வைக்கிறார்கள், படம் பார்க்கப் போனாலும் நிற்க வைக்கிறார்கள், வங்கிக்குத் தெரிந்த கலை அது ஒன்றுதான்.

ஆனால் அறுபது தாண்டியவர்களுக்குத் தனி வரிசை, துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிப்போகலாம். அங்கேதான் உன் அம்மாவுக்கு யோகம் அடித்தது. உன் அப்பா போன பிறகு இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காத மேல்வீட்டு நேய்தே, கையில் கேக்கோடு வந்து, "டால்வாக்கா, ஒங்க ஞாபகமாவே இருந்துச்சு" என்றாள். சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த ஞாபகத்தை நான்தான் உள்ளே கூட்டிப்போனேன். சின்னப் பாதிரியார்கூடப் பூசை முடிந்ததும் என் முழங்காலை விசாரித்தார். பதினோரு முறை போய்விட்டேன், அங்கே ஒரு படத்தில் இருந்த மஞ்சள் கழுதைக்கு எத்தனை பல் என்றுகூடச் சொல்வேன்.

பிறந்தநாளுக்கு ஒரு குறுஞ்செய்தியோடு நிறுத்திக்கொள்கிற உன் தம்பி எட்மில்சன், போன வாரம் காரோடு வருவதாகச் சொன்னான். மனசு நிறைந்துபோய் அவனுக்குப் பிடித்த சீஸ் உருண்டை சுட்டு வைத்தேன். காரில் அவன் முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தாள், தெருவே மணந்தது. கலைக்கூட வாசலில் காவலாளி, "ஒருத்தரைத்தாம்மா கூட்டிட்டுப் போகலாம், யாரு வர்றா?" என்று கேட்டான். நான் எட்மில்சன் முகத்தைப் பார்த்தேன். "மேடத்தைக் கூட்டிட்டுப் போம்மா, நான் கார்ல இருக்கேன்" என்றான். மேடம் ஒவ்வொரு ஓவியத்துக்கும் முதுகைக் காட்டி நின்று தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டு பதினைந்தே நிமிடத்தில் கலையை முடித்துவிட்டாள். என்னை வீட்டில் இறக்கிவிட்டபோது உன் தம்பி இஞ்சினைக்கூட அணைக்கவில்லை. உருண்டையை நானே தின்றேன். அழுகை வந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

நேற்றோடு கண்காட்சி முடிந்தது. இன்று தொலைபேசி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. மாடிப்படியில் பார்த்த நேய்தே, "அவசரமாப் போறேங்க்கா" என்று இறங்கிப் போய்விட்டாள். மார்ச்சில் அடுத்தது வருகிறதாம், இதைவிடக் கூட்டம் இருக்குமாம். விடுப்பு எடுத்துக்கொண்டு வா, ஜுசாரா. ஆனால் ஒன்று, உன்னைத் தனி வரிசையில் கூட்டிப்போக மாட்டேன். பொது வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்போம். மூன்று மணி நேரம் நீ என் பக்கத்தில் இருந்தால் போதும், படம் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

அபரேசிதா மாதா உன்னைக் கண்போலக் காக்கட்டும். காலுறையை மறந்துவிடாதே. என் முழங்காலை நினைத்துக் கவலைப்படாதே, மடக்கு நாற்காலி வாங்கிவிட்டேன். இரண்டு வாங்கியிருக்கிறேன்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா டால்வா