மைக் இல்லாத கும்மி

பங்குனி 11, திங்கள்

காலையிலேயே வெயில். காரைக்குடி லாட்ஜில் தண்ணீர் வரவில்லை. குளிக்காமலே ஒக்கூர்ப் பக்கம் கிளம்பல். ட்ரோனில் ரேடாரைக் கட்டி, போர்வெல்லுக்கு இடம் பார்க்கச் சொன்ன பாண்டியம்மாள் புஞ்சைக்கு மேல் மூன்று முறை. மண்ணுக்குள் அலையை அனுப்பி, பாறையில் தண்ணீர் ஓடுகிற வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. படம் முழுக்க வரிவரியாகக் கோடு.

காரணம், அம்மன் கோயில் முளைப்பாரி. கும்மிப் பாட்டுக்குக் கார்ட்லெஸ் மைக். எங்கள் ரேடாருக்கும் அதற்கும் ஒரே அலைவரிசை. நாங்கள் பறந்தால் அங்கே ஸ்பீக்கர் கர்ரென்கிறது. இடைஞ்சல் என்று யார் சொன்னாலும் நாங்கள்தான் நிறுத்த வேண்டும், உரிமத்தில் அப்படித்தான். நிறுத்தினோம். தலைவலி.

செவ்வாய்

மைக்செட்காரரிடம் கெஞ்சல். “காப்புக் கட்டியாச்சு மேடம். திருவிழா முடியிற வரைக்கும் செட்டு நிக்கக் கூடாது. சாமி குத்தமாயிரும்.” எரிச்சல். அவரைத் திட்டவும் முடியாது. பறக்கும் அனுமதி வியாழனோடு சரி.

பாண்டியம்மாளுக்கு ரெண்டு போர் பொய்த்துவிட்டது. “இதுலயும் தண்ணி இல்லேன்னா புஞ்சைய வித்துட்டு மக வீட்டுக்குத் திருப்பூர் போகணும். அங்க ஒத்தை ரூமு.” பாவமாக இருந்தது. மத்தியானம் புரோட்டா. வயிறு சரியில்லை.

புதன்

பாண்டியம்மாளே போய்க் கும்மிப் பெண்களிடம் பேசிவிட்டார். “செட்டு நின்னா என்னாத்தா, பாட்டு நிக்காதுல்ல? ஒரு மணி நேரம் வாயாலயே பாடுவோம். அம்புட்டுத்தேன்.” யாரும் மறுக்கவில்லை. மைக்செட்காரர் முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார்.

பறந்தோம். ஒரு கோடுகூட இல்லை. “சூப்பர் டேட்டா மேடம்!” ட்ரோன் ஓட்டும் செல்வத்துக்கு ஒரே குஷி. இந்த வருஷம் இவ்வளவு சுத்தமாக ஒரு படம் வந்ததில்லை.

புஞ்சையின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை ஒரே பாறை. வெடிப்பே இல்லை.

பாண்டியம்மாளிடம் சொன்னேன். லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் பக்கம் பெண்கள் இன்னும் தொண்டை கட்டப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“மைக்க சரியா நிறுத்தலையோ?”

“நிறுத்தினாங்கம்மா.”

“இல்ல, எவளாச்சும் போட்டுருப்பா. நாளைக்கு ரெண்டு மணி நேரம் நிறுத்தச் சொல்றேன். இன்னொருக்கா பாருங்க. வாரீகள்ல?”

அனுமதி நாளை வரை இருக்கிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.